ஏழு பேருக்கு மட்டும் லீவு

பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே தையல் கடை வைத்திருப்பவளுக்கு, ஆய்வு வரப்போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். வருடக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்த குழாய் ஒரே நாளில் வாயை மூடிக்கொள்ளும். அதற்கடுத்த நாள் தலைமையாசிரியை தெருவைக் கடந்து என் கடைக்கு வந்து, "டெய்லரம்மா, ஒரு அவசர வேலை" என்பார்.

இந்தத் தடவை அவசர வேலை திரைச்சீலை. மூன்றாம் வகுப்பின் பின்சுவர் முழுக்க மறைக்க வேண்டும், மேலிருந்து தரை வரைக்கும். மஞ்சள் துணியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புப் பூ. கண்ணைப் பறிக்கும் என்பார்களே, அது நிஜமாகவே பறித்தது.

"பின்சுவத்துல ஜன்னலே இல்லையே டீச்சர்?" என்று கேட்டேன்.

"சும்மா, ஒரு அழகுக்குத்தான்மா."

சரி, அழகுக்கு. எனக்கென்ன வந்தது? தைத்துக் கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற இந்தக் கூத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வரும். விருந்தாளி வந்தால் நாமும்தான் எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோம். அவர்களும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

ஆனால் போன தடவை நடந்த ஆய்வை வைத்துத்தான் என் மகளை அங்கே சேர்த்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நீலப் பலகை ஒன்று உண்டு. 'ஆய்வு முடிவு: முதல் தரம்.' என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். ரூட்டில் இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்று அவர் சொன்னார். நான் விடவில்லை.

"வெளியாள் வந்து பார்த்துட்டு எழுதினது அது. அவங்களுக்கு என்ன, இந்த ஸ்கூல் மாமியார் வீடா, பொய் சொல்ல?"

"பலகைக்குப் பெயின்ட் அடிக்க அரை மணி நேரம் போதும்" என்றார் அவர்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நான் ஜெயித்தேன்.

மகளுக்கு எட்டு வயது. மைனா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம், அவள் வாய் அப்படி. காலையில் கண்ணைத் திறக்கும் முன்பே வாயைத் திறந்துவிடுவாள். சாயங்காலம் கடையில் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை விரலை ஓட்டி ஓட்டி வாசிப்பாள். ஒரு தடுமாற்றம் இருக்காது, ஒரு திக்கல் இருக்காது. அளவு கொடுக்க வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நான் இஞ்சு டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என்னமோ நானே எழுதிக் கொடுத்த புத்தகம் மாதிரி பெருமையாக நிற்பேன்.

ஆய்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு மைனா வர வேண்டாம்க்கா. நல்லா படிக்கிற பொண்ணு, ஒரு நாள் ஓய்வு எடுக்கட்டும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எவ்வளவு நல்ல டீச்சர், பிள்ளையின் களைப்பைக்கூடக் கவனிக்கிறாரே என்று உருகிப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை கடையைத் திறந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்தாள். "அக்கா, இவனுக்கு இன்னைக்கு லீவாம். எனக்கு வேலைக்கு நேரமாச்சு. மத்தியானம் வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டுமே?" சரி என்றேன். பின்னாலேயே இன்னொருத்தி. அப்புறம் ஒரு அப்பா, இரண்டு பிள்ளைகளோடு. பத்து மணிக்குள் மைனாவையும் சேர்த்து ஏழு உருப்படி. எல்லாம் மூன்றாம் வகுப்பு. ஒருத்திக்குக் கண் சிவந்திருக்கிறதாம், ஒருவனுக்கு இருமல் வருகிற மாதிரி இருக்கிறதாம், முன்பல் விழுந்த ஒரு பையனுக்குப் பல் முளைக்கிற வரைக்கும் ஓய்வாம்.

"பல்லு முளைக்க லீவா? அப்போ எனக்கு மூட்டு வலிக்குது, நானும் கடையை மூடட்டுமா?" என்று சிரித்தேன். ஏழு பேரும் சிரித்தார்கள். மனசில் ஏதோ நெருடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று தைத்துக் கொடுக்க வேண்டியது நான்கு சட்டை. நெருடலைத் தள்ளி வைத்துவிட்டு மெஷினை மிதித்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, கோப்பும் கையுமாக நடந்து வந்தார். ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி கலையாத பேண்ட். என் கடைக்கு முன்னால் பேனா கீழே விழுந்தது. குனிந்தார்.

டர்ர்ர்.

தையல்காரி காதுக்கு அந்தச் சத்தம் தப்புமா? பின்பக்கத் தையல், மேலிருந்து கீழ் வரை, சந்தேகமே இல்லை. மனிதர் கோப்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து என் கடைக்குள் ஏறினார்.

"அம்மா, ஒரு அவசரம்."

"தெரியும் சார். கேட்டுச்சு."

"எதிர்த்த ஸ்கூலுக்கு ஆய்வுக்கு வந்திருக்கேன். இருபது நிமிஷத்துல உள்ள போயாகணும்."

"பத்து நிமிஷம் போதும். அந்த மறைப்புக்குப் பின்னாடி போய்க் கழட்டிக் குடுங்க."

"கழட்டிட்டு...?"

நியாயமான கேள்வி. கையில் கிடைத்த துணியை எடுத்து நீட்டினேன். மஞ்சள் துணி, சிவப்புப் பூ. திரைச்சீலையில் மிச்சம் விழுந்தது. ஒரு நிமிஷம் அதை உற்றுப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டார். மறைப்புக்குப் பின்னால் காற்று வராது, வியர்த்துக் கொட்டும். சற்று நேரத்தில் இடுப்பில் பூவும் முகத்தில் வியர்வையுமாக வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

மைனா சும்மா இருப்பாளா? "சார், நீங்க பாவாடை கட்டியிருக்கீங்களா?"

"தற்காலிகமா" என்றார் அவர். எனக்கு அந்த மனிதரை உடனே பிடித்துவிட்டது.

"நான் படிக்கிறேன், கேக்குறீங்களா?" என்று புத்தகத்தை விரித்தாள். நதி எங்கே பிறக்கிறது என்ற பாடம். விரல் ஓடியது, வாய் ஓடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியில் கண்ணைத் திறந்து அவள் விரலைப் பார்த்தார். வாய் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, விரல் இன்னும் மலையில் நின்றுகொண்டிருந்தது.

அவர் ஸ்டூலை விட்டு எழுந்தார். என் வெட்டு மேஜையில் கிடந்த ஒரு காகிதத்தை எடுத்தார். சட்டைக்குக் கை வெட்டுவதற்காக நான் செய்தித்தாளில் வெட்டி வைத்திருந்த அளவு அது. அதை அவளிடம் நீட்டி, "எங்க, இதைப் படி பார்ப்போம்" என்றார்.

மைனா வாங்கினாள். பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது கை. இது படிக்கிறதுக்கு இல்ல."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "பரவாயில்ல, இந்த ஒரு எழுத்து மட்டும் சொல்லு."

சத்தமில்லை. எட்டு வருடத்தில் என் மகள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராததை முதல்முறையாக அன்றுதான் கேட்டேன். மெஷின் மேல் என் கால் தானாக நின்றுவிட்டது. தினமும் சாயங்காலம் நான் கேட்டது எல்லாம் மனப்பாடம். டீச்சர் சொல்லச் சொல்லக் காதில் வாங்கி, அப்படியே ஒப்பித்திருக்கிறாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவர் காகிதத்தை மற்ற ஆறு பேரிடமும் நீட்டினார். ஒருவன் இரண்டு எழுத்து சொன்னான். அவ்வளவுதான்.

"நீங்க எல்லாம் எந்த ஸ்கூல்?"

ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள். பல் விழுந்தவன் மட்டும் எழுந்து நின்று, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான்: "இன்னைக்கு நாங்க எந்த ஸ்கூலும் இல்ல சார்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "தைச்சாச்சாம்மா?" என்றார்.

"தைச்சாச்சு" என்றேன். பேண்டை மடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். "தர மாட்டேன்."

"என்னம்மா?"

"அந்தப் பலகை உங்க ஆளுங்க எழுதினதுதானே சார்? முதல் தரம்னு? அதை நம்பித்தான் என் பொண்ணைச் சேர்த்தேன். கட்டின புருஷன் பேச்சைக்கூட நம்பல, உங்க பலகையை நம்பினேன். மூணு வருஷம் ஆச்சு, ஒரு எழுத்து தெரியல இவளுக்கு. என்னத்தைப் பார்த்து எழுதுனீங்க?"

"உங்க கோபம் நியாயம்தான். பேண்டைக் குடுங்க, பேசலாம்."

"பேண்டைக் குடுத்தா நீங்க ஆபீசர் ஆயிடுவீங்க. இப்படியே பேசுங்க."

மனிதர் இடுப்புத் துணியை இறுக்கிக்கொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. "பத்து நாளைக்கு முன்னாடியே லெட்டர் போட்டுட்டு வர்றோம். காட்டுறதைப் பார்க்கிறோம். வகுப்புல இருக்கிற பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தான் படிக்குது. வராத பிள்ளையை நான் எப்படிம்மா பார்க்கிறது?"

"வராத பிள்ளை ஏன் வரலைன்னு கேக்கலாம்ல?"

அவர் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். "கேட்டிருக்கணும்" என்றார்.

"சரி, இப்போ மூணாம் தரம்னு எழுதிட்டுப் போவீங்க. அவங்களுக்குத் திட்டு, உங்களுக்கு ஒரு பேப்பர். என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?"

"வாசிப்புச் சொல்லிக் குடுக்கன்னே தனியா ஒரு டீச்சர் வருவாங்க, ஒரு வருஷத்துக்கு. மூணாம் தரம் வாங்கின ஸ்கூலுக்கு மட்டும்தான் அனுப்புவோம். முதல் தரத்துக்கு எதுக்குன்னு விட்டுடுவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடக் கடவுளே! நல்லா இருக்கிறோம் நல்லா இருக்கிறோம் என்று காட்டிக் காட்டியே, வர வேண்டிய டீச்சரை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத் திரை தைத்துக் கொடுத்தவள் நான்.

"அப்போ இந்த ஏழு பேரையும் கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

"லீவு போட்ட பிள்ளைங்களை நான் கூட்டிட்டுப் போக முடியாதும்மா. பெத்தவங்க கூட்டிட்டு வந்தா யாரும் தடுக்க முடியாது."

அவர் சொன்னது புரிந்தது. புரிந்ததால்தான் தயங்கினேன். வருடத்துக்கு இருநூறு யூனிஃபார்ம், தலைமையாசிரியை சொல்லி எனக்கு வருகிற வேலை. அது போனால் கடையில் பாதி போச்சு. ஒரு நிமிஷம் யோசித்தேன். பொய் சொல்வானேன், இரண்டு நிமிஷம். அதைவிடப் பெரிய கஷ்டம், வீட்டுக்காரரிடம் போய் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று சொல்ல வேண்டும்.

மைனா அந்தக் காகிதக் கையை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் விளையாடப் போய்விட்டார்கள். இவள் மட்டும் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு.

பேண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "போட்டுக்கிட்டு முன்னாடி போங்க சார். நாங்க பின்னாடியே வர்றோம்." மற்ற பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். "கூட்டிட்டுப் போங்கக்கா" என்றார்கள். ஒருத்தி மட்டும் "அய்யய்யோ, வம்பாயிடுமே" என்றாள். "வம்பு என் கணக்குல இருக்கட்டும்" என்று வைத்துவிட்டேன்.

கடைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு, ஏழு பிள்ளைகளையும் வரிசையாகக் கையைக் கோத்துத் தெருவைக் கடந்தேன். கேட்டில் தலைமையாசிரியை முகமெல்லாம் சிரிப்பாக ஆய்வாளரை வரவேற்றுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றது.

"லீவு முடிஞ்சுடுச்சு டீச்சர்" என்றேன்.

மூன்றாம் வகுப்பில் பெஞ்சுகள் கணக்காக நிறைந்திருந்தன. ஒரு இடம் காலியில்லை. ஏழு பேரும் நடுவில் நின்றார்கள். வகுப்பு டீச்சர் கையில் சாக்பீஸ் ஒடிந்தது.

"உங்க இடம் எங்க?" என்று ஆய்வாளர் கேட்டார்.

மைனாவுக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. நேராகப் பின்சுவருக்குப் போனாள், மஞ்சள் திரையைப் பிடித்தாள், ஒரே இழு. உள்ளே கால் ஒடிந்த மூன்று பெஞ்சுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. "எங்க பெஞ்சு இங்கதான் சார் இருக்கு. இது ஆடும், பார்த்து உக்காரணும்."

ஆய்வாளர் திரையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தத் துணி எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். தலைமையாசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. பல் விழுந்தவன் "டீச்சர், இதைத்தான் சார்..." என்று ஆரம்பித்தான். பாய்ந்து போய் அவன் வாயைப் பொத்தினேன்.

அறைக்கு வெளியே தலைமையாசிரியை உடைந்தே போனார். "நான் என்ன செய்ய சார்? தரம் இறங்கினா அடுத்த வருஷம் பிள்ளைங்க சேர மாட்டாங்க. பிள்ளைங்க குறைஞ்சா ஒரு டீச்சரை எடுத்துடுவீங்க. இருக்கிற டீச்சருக்கு ஏற்கனவே ரெண்டு வகுப்பு. இந்த ஏழு பேருக்குன்னு தனியா உக்கார யாரு இருக்கா?" என்று கேட்டார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. நான் சண்டைக்குத் தயாராக இடுப்பில் கையை வைத்திருந்தேன். கையை எடுத்துவிட்டேன். பாவம், அவரும் கிழிசலை மறைத்துக்கொண்டு நண்டு நடை நடந்திருக்கிறார், இத்தனை வருடமாக.

"இதை எனக்கு எழுதி அனுப்பியிருக்கலாமே டீச்சர்" என்றார் ஆய்வாளர்.

"எழுதினா தரம் இறங்கும்."

"இறங்கினாத்தான் ஆள் வருவாங்க." என்றார் அவர். "இதை நாங்களும் உங்ககிட்ட ஒழுங்காச் சொன்னதில்ல. தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு."

அடுத்த மாதம் பலகை மாறியது. 'மூன்றாம் தரம்.' தெருவே என்னைப் பிடித்து உலுக்கியது. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "நல்லா இருந்த ஸ்கூலை ஒரு தையல்காரி கெடுத்துட்டாங்க" என்றார். "நல்லா இருந்துச்சா? உங்க பையன் கையில ஒரு பேப்பரைக் குடுத்துப் பாருங்க" என்று திருப்பிக் கேட்டேன். அவர் முறைத்தார். ஆனால் வீட்டுக்குப் போய்க் கொடுத்துப் பார்த்திருக்கிறார் போல. இரண்டு நாள் கழித்து, புதிதாக வந்திருந்த வாசிப்பு டீச்சரைத் தேடிப் பையனோடு வந்தார். அப்படி ஒவ்வொருவராக வந்து, ஏழு பிள்ளைகள் பத்தொன்பது ஆனார்கள். மூன்று பேர் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்காரரிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். 'நான் அப்பவே சொல்லல?' என்று ஆரம்பிப்பார், நானும் ஆரம்பிக்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். "நானும்தானே தினமும் அவ வாசிக்கிறதைக் கேட்டேன்" என்றார். சண்டை போட முடியாமல் போய்விட்டது.

தலைமையாசிரியை ஒரு மாதம் என் கடைப் பக்கமே திரும்பவில்லை. யூனிஃபார்ம் போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு நாள் தெருவைக் கடந்து வந்தார், கையில் மடித்த மஞ்சள் திரை. "இதுல பை தைக்க முடியுமா? வாசிப்பு வகுப்புப் பிள்ளைங்களுக்கு. பத்தொன்பது." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். வாசல் வரை போனவர் நின்று, "யூனிஃபார்முக்கு அளவெடுக்க எப்போ வர்றீங்க?" என்றார்.

"நாளைக்கே வர்றேன் டீச்சர்" என்றேன். இப்போது அந்தப் பத்தொன்பது பைகளும் தெருவில் போகும்போது கண் கூசுகிறது.

போன வாரம் ஒரு சாயங்காலம். அவசர ரவிக்கை ஒன்று, கை வைப்பது மட்டும்தான் பாக்கி. செய்தித்தாளை விரித்துக் கைக்கு அளவு போட்டு, கத்தரியை ஓட்டி வெட்டி மேஜையில் வைத்தேன். மைனா பையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து அந்தக் காகிதத்தை எடுத்தாள்.

"அது கைடி, வை" என்றேன்.

அவள் வைக்கவில்லை. விரலை வைத்தாள். ஒரு எழுத்து, ஒரு நிறுத்தம். அடுத்த எழுத்து. இந்தத் தடவை வாய் விரலுக்கு முன்னால் ஓடவில்லை. "கா... ணா... மல்... போ... ன... நாய்... ஆ... று... மா... தம்... கழி... த்து..." நான் கத்தரியைப் பிடித்தபடி நின்றேன். "வீ... ட்டு... க்கு..."

அங்கே அக்குளுக்காக நான் வெட்டிய வளைவு. காகிதம் முடிந்துவிட்டது.

மைனா தலையைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது. "யாரும்மா இதை வெட்டினது? மீதி எங்க?"

"ஏண்டி, வீட்டுக்கு வந்துச்சுன்னுதான் இருக்கும்."

"இருக்கும்னு எல்லாம் சொல்லாதே. படிச்சாத்தான் தெரியும்."

ரவிக்கைக்காரி ஆறு மணிக்கு வந்துவிடுவாள். மணி ஐந்தரை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, மூட்டு வலியைப் பார்க்காமல் மேஜைக்கடியில் மண்டி போட்டேன். மைனாவும் பக்கத்தில் தவழ்ந்து வந்தாள். நூல் பிசிரும் துணித் துண்டுமாகக் கிடந்த குவியலில் நாங்கள் இரண்டு பேரும் அந்த நாய்க்கு என்ன ஆயிற்று என்று தேடிக்கொண்டிருந்தோம்.